இணையவழி இசையும் இசைவாணர் ஊதியமும்

சங்ககாலத்துப் பாணன் தனக்குப் பரிசில் தந்தவன் யாரென்பதை நன்கறிந்திருந்தான். பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனை அவ்வள்ளலிடத்து ஆற்றுப்படுத்தும் முறையிலே பத்துப்பாட்டினுள் சில நூல்கள் அமைந்திருத்தலை மாணவர் அறிவர். பிற்காலத்தே திருவிழாவுக்கு அழைக்கப்பட்ட நாதசுர வித்துவானும், சபையிலே பாட வந்த பாடகரும் தமக்குத் தருவோர் யார், தரும் தொகை யாது என்பவற்றை முன்னரே பேசி முடிவுசெய்தனர். இன்று கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் ஒருவர் தமது கைத்தொலைபேசியில் ஒரு வீணைக் கச்சேரியைக் கேட்கின்றார். மாதந்தோறும் அதற்கெனக் கட்டணமுஞ் செலுத்துகின்றார். அக்கட்டணத்துள் எவ்வளவு அவ்வீணை வித்துவானைச் சென்றடைகின்றது என வினவின், செலுத்தியவரும் அறியார், வாசித்தவரும் அறியார். இந்நிலை எவ்வாறு விளைந்தது, இதனைத் திருத்தப் பிறநாட்டார் செய்த முயற்சிகள் எவை என்பவற்றை ஒருசிறிது ஆராய்வாம்.

இவ்வழக்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்து அம்பாசடர் என்னும் இசைக் காப்பிச்சாலைக்கு ஏர்னெஸ்ட் பூர்ஜே என்னும் பாடலாசிரியர் தம் தோழரான இசையமைப்பாளருடன் சென்றிருந்தார். அவர்கள் இயற்றிய பாடல்களை அங்கிருந்த வாத்தியக் குழுவினர் இசைத்துக்கொண்டிருந்தனர். பருகியவற்றுக்குப் பணங் கேட்டபோது, “எங்கள் பாட்டுக்கு நீர் பணந் தரவில்லை, ஆதலின் உமது பானத்துக்கு நாமும் பணந் தரோம்” என்ற கருத்துப்பட மறுத்துவிட்டனர். விவகாரம் நீதிமன்றத்தை அடைந்தது. தீர்ப்பு ஆசிரியர் பக்கமாயிற்று. அதன் பயனாக 1851இல் சாசெம் என்னும் சங்கம் தோன்றி, இசை பயன்படும் இடமெங்கும் கட்டணம் திரட்டி உரியவர்க்குப் பகிர்ந்தளிக்கும் பணியை மேற்கொண்டது. அது இன்றும் இயங்குகின்றது.

அதன்பின் பொறி வந்தது. துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தானே இசைக்கும் பியானோக்கள் அமெரிக்காவிற் பெருகியபோது, அச்சுருள் பாட்டின் பிரதியாகாது என அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1908இல் தீர்ப்பளித்தது. மனிதன் கண்ணால் வாசிக்கக்கூடியதே பிரதி என்பது நீதிபதிகளின் கருத்து. மறு ஆண்டே அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டமியற்றி, ஒரு சுருளுக்கோ இசைத்தட்டுக்கோ பாடலொன்றுக்கு 2 சதம் எனத் தொகை குறித்தது. அத்தொகை 1978 வரை உயராது கிடந்தமை வேறு கதை.

மேற்கூறியன யாவும் பாட்டை இயற்றியவர்க்குரிய ஊதியம் பற்றியன. பாடியவர், வாசித்தவர் ஆகியோர் நிலை வேறு. தாம் வாசித்த இசையைத் தட்டிற் பதிந்து வானொலியிலும் உணவுச்சாலைகளிலும் ஒலிக்கச் செய்தமையால், தமது தொழிலுக்குத் தமது தட்டே பகையாயிற்று எனக் கண்ட அமெரிக்க இசைவாணர் சங்கத்தார், ஜேம்ஸ் பெற்றில்லோ என்பவரின் தலைமையில் 1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் தேதி தொடக்கம் இசைத்தட்டுக்களுக்கு வாசிப்பதை நிறுத்தினர். உலக யுத்தத்தின் நடுவே நிகழ்ந்த இவ்வேலைநிறுத்தத்தை முடிக்க அரசாங்கமே முயன்றும் பயனில்லை. வாத்தியங்கள் இல்லாமையால், பாடகர் பக்கக் குரல்களை மாத்திரந் துணையாகக் கொண்டு பாடிய தட்டுக்கள் அக்காலத்தே வெளிவந்தன. டெக்கா கம்பனி 1943இலும், விக்டர், கொலம்பியா ஆகிய பெருங் கம்பனிகள் 1944 நவம்பரிலும் இணங்கின. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகையைப் பொது நிதியொன்றுக்குச் செலுத்துவதென்பதே இணக்கம். அந்நிதியினின்று தொழிலற்ற இசைவாணர்க்கு ஊதியமளித்து மக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தப்பட்டன. வாத்தியக்காரர் ஒன்றுபட்டால் எத்துணை வலியர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்றை யான் அறியேன்.

இனி இக்காலத்துக்கு வருவாம். 1999இல் தோன்றிய நாப்ஸ்டர் என்னும் இணைய ஏற்பாட்டினால் மக்கள் பாடல்களை விலையின்றிப் பரிமாறத் தொடங்கினர். நீதிமன்றம் 2001இல் அதனை முடக்கிய பின்னரும் பழக்கம் முடங்கவில்லை. இசைத்தட்டு வாணிகம் ஆண்டுதோறும் தேய்ந்தது. 2003இல் அப்பிள் கம்பனி பாடலொன்றை 99 சதத்துக்கு விற்க முற்பட்டது. சுவீடன் நாட்டிலே 2006இல் நிறுவப்பட்டு 2008இல் தொழிற்பட்ட ஸ்பொட்டிபை நிறுவனமோ பாடலை விற்கவே இல்லை. மாதக் கட்டணத்துக்கு, அல்லது விளம்பரத்தைச் சகித்துக்கொள்வதற்கு ஈடாக, கோடிக்கணக்கான பாடல்களுள் வேண்டியதை வேண்டியபொழுது கேட்கலாம் என்றது. இதுவே ஸ்ட்ரீமிங் என வழங்கும் முறை. இந்தியாவுக்கு 2019இலும் இலங்கைக்கு 2021இலும் அச்சேவை வந்தது. 2024ஆம் ஆண்டில் உலகத்து ஒலிப்பதிவு இசையின் வருமானம் 2,960 கோடி அமெரிக்க டொலர் எனவும், அதில் 69 வீதம் இம்முறையினாற் கிடைத்தது எனவும் இசைப்பதிவுத் தொழிலாளரின் சர்வதேசச் சம்மேளனம் கணக்கிட்டுள்ளது. இங்கே தொழிலாளர் என்றது தொழிலதிபரையே, வாசிப்போரை அன்று. அழியும் நிலையிலிருந்த தொழிலை இச்சேவைகள் மீட்டன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. மீண்ட செல்வம் எவர் கைக்குச் சென்றது என்பதே வினா.

பாடலொன்று ஒருமுறை ஒலித்தால் இத்தனை சதம் என ஒரு விலை உண்டென்று பலர் எண்ணுகின்றனர். அங்ஙனம் ஒன்று இல்லை. ஒரு நாட்டில் ஒரு மாதத்தில் திரண்ட பணம் முழுவதும் ஒரே குவியலாக்கப்படும். பிரித்தானியப் போட்டி மற்றும் சந்தை அதிகாரசபை 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, அக்குவியலில் ஏறக்குறைய 30 வீதம் சேவை நிறுவனத்துக்கும், 55 வீதம் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும், 15 வீதம் பாட்டின் சொல்லையும் இசையையும் ஆக்கியோர் பக்கத்துக்குஞ் செல்லும். ஒலிப்பதிவுக்குரிய தொகை, எந்தப் பதிவு எத்தனை முறை கேட்கப்பட்டதோ அந்த விகிதத்திற் பிரிக்கப்படும். ஒரு முறைக்கு இவ்வளவு என்பது பிரித்த பின்னர் வரும் ஈவேயன்றி முன்னரே குறித்த விலையன்று. கேட்போர் தொகை பெருகாது கேட்கும் தடவைகள் மாத்திரம் பெருகின் ஈவு சிறுக்கும்.

இவ்விடத்தே ஒரு கணக்கினைப் பார்த்தல் நன்று. கணிதத்துக்கு அஞ்சும் மாணவர் இப்பந்தியைத் தாண்டிச் செல்ல வேண்டா. ஒரு சேவையில் இருவரே சந்தாதாரர் எனக் கொள்வோம். இருவரும் மாதம் 1,000 ரூபா கட்டுகின்றனர். சேவை நிறுவனம் ஒவ்வொருவர் பணத்திலும் 300 ரூபாவை எடுத்துக்கொள்ள, பகிர்தற்கு எஞ்சுவது 1,400 ரூபா. ஒருவர் இளைஞர்; சினிமாப் பாடல்களை 900 முறை கேட்கின்றார். மற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வீணை வித்துவான் ஒருவரது பதிவுகளை மாத்திரம் 100 முறை கேட்கின்றார். மொத்தம் 1,000 முறை. ஈவு ஒரு ரூபா 40 சதம். சினிமாப் பாடலுக்கு 1,260 ரூபாவும் வீணைக்கு 140 ரூபாவும் சேரும். ஆசிரியரின் பணத்திற் பகிர்தற்கு வந்தது 700 ரூபா அன்றோ? அதில் 560 ரூபா அவர் ஒருமுறையேனும் கேளாத பாடல்களுக்குப் போய்விட்டது. ஒவ்வொருவர் கட்டணத்தையும் அவரவர் கேட்ட இசைக்கே பகிர்ந்தளித்தால் இரு பக்கத்துக்கும் 700 ரூபா கிடைத்திருக்கும்.

இப்பின்னைய முறையைக் கேட்போரை மையமாகக் கொண்ட பகிர்வு என்பர். சவுண்ட்கிளவுட் என்னும் சேவை 2021 முதல் சிறு இசைவாணர் பலர்க்கு இதனைக் கையாளுகின்றது. ஆயினும் இதனைச் சர்வரோக நிவாரணி எனக் கொள்ளற்க. பிரான்சு நாட்டுத் தேசிய இசை நிலையம் 2021இல் வெளியிட்ட ஆய்விலே, இம்முறையினால் சாஸ்திரிய இசையின் பங்கு ஏறக்குறைய நான்கிலொரு மடங்கு உயரும் எனவும், இளைஞர் மிகுதியாகக் கேட்கும் ராப் இசையின் பங்கு ஐந்திலொன்று குறையும் எனவும் காணப்பட்டது. பெயர் பெறாத சிறு கலைஞர் பெரும்பாலோர்க்கோ ஆண்டுக்குச் சில யூரோக்களுக்கு மேல் மாற்றமில்லை. குவியல் அதுவே, பிரிக்கும் கோடு மாத்திரம் மாறுகின்றது. எனினும் களவைத் தடுக்க இம்முறை உதவும் என்பது என் கருத்து. 2024 செப்டெம்பரில் நியூயோர்க்கில் ஒருவர்மீது தொடரப்பட்ட வழக்கில், செயற்கை அறிவினால் ஆக்கப்பட்ட பாடல்களைப் பொறிக் கணக்குகள் கொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கச்செய்து ஒரு கோடி டொலர் வரை பெற்றார் எனக் குற்றஞ் சாட்டப்பட்டது. பொதுக் குவியலினின்று எடுப்பதனாலேயே இது இயலும். அவரவர் கட்டணம் அவரவர் கேட்டதற்கே எனின், கள்வன் தான் கட்டிய பணத்தையே, அதுவும் குறைத்தே, திரும்பப் பெறுவான்.

கருநாடக இசையை அறிந்தோர் கவலைகொள்ளத்தக்க வேறொரு விதியும் உண்டு. ஸ்பொட்டிபையில் ஒரு பதிவு முப்பது செக்கன் ஒலித்தால் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. மூன்று நிமிடப் பாட்டுக்கும், தோடி இராகத்தை நாற்பது நிமிடம் விரித்துரைக்கும் ஆலாபனைக்கும் கணக்கு ஒன்றே. அந்த நாற்பது நிமிடத்துள் சிறு பாட்டொன்றைப் பதின்மூன்று முறை கேட்டுவிடலாம். ஆறுதலாக வாசிப்பவர் தண்டனை பெறுகின்றார். 2024 முதல் மற்றுமோர் விதி வந்தது: பன்னிரண்டு மாதத்துள் ஆயிரம் முறை கேட்கப்படாத பதிவுக்கு ஒலிப்பதிவுப் பங்கு இல்லை, அப்பணம் ஏனைய பதிவுகளுக்குச் சேரும். சில்லறைத் தொகை வங்கிக் கட்டணத்துக்கே போதாது என்பது நிறுவனத்தார் கூறும் காரணம். அஃது உண்மையாயினும், எண்ணூறு பேர் விரும்பிக் கேட்ட நாட்டுக்கூத்துப் பாடல் ஒன்றின் பங்கு, கோடி முறை ஒலிக்கும் பாடல்களைச் சென்றுசேர்தல் எந்த நியாயத்தின்பாற்படும்?

இத்துணையும் குவியலைப் பிரிக்கும் முறை பற்றியது. யான் பெரிதாகக் கருதும் குறை இதற்கு அப்பால் உள்ளது. ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு 55 வீதம் என்றோம், அவ்வுரிமையாளர் பெரும்பாலும் இசைவாணர் அல்லர், கம்பனியாரே. யூனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்று கம்பனிகளுமே உலக இசையின் பெரும்பகுதியை ஆளுகின்றன. ஒப்பந்தப்படி பாடகருக்கு அவர்கள் கொடுப்பது, மேற்குறித்த பிரித்தானிய ஆய்வின்படி, சராசரியாக நான்கிலொன்றுக்குஞ் சற்றுக் குறைவு. அதுவும், முற்பணமாகக் கொடுத்ததைக் கம்பனி கழித்துக்கொண்ட பின்னரே கைக்கு வரும். ஒரு கோடியே இருபது இலட்சம் முறை கேட்கப்பட்ட பாடகர் ஒருவர் 2021இல் ஏறக்குறைய 12,000 பவுண் பெறக்கூடும் என்பது அவ்வாய்வின் மதிப்பீடு. ஒருமுறைக்கு ஒரு பென்சின் பத்திலொரு பங்கு. பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவின்முன் 2020இல் சாட்சியமளித்த நாடின் ஷா என்னும் பாடகி, விமர்சகரால் போற்றப்பட்ட தமக்கே இவ்வருவாய் வாழ்க்கைச் செலவுக்குப் போதாது என்றார்.

பாடகர் நிலை இதுவெனின், பக்கவாத்தியக்காரர் நிலை யாது? ஒரே பதிவு வானொலியில் ஒலிக்கின்றது. இணையச் சேவையிலும் ஒலிக்கின்றது. பிரித்தானியாவில் வானொலி நிலையம் பி.பி.எல். என்னும் சங்கத்துக்குக் கட்டணஞ் செலுத்துகின்றது. அதிற் பாதி கம்பனிக்கு, பாதி வாசித்தோர்க்கு. வாசித்தோர் என்பதனுள் ஒருநாட் கூலிக்கு வந்து வயலின் வாசித்துச் சென்றவரும் அடங்குவர். கம்பனிக்குக் கடன்பட்ட பாடகராயினும் அப்பாதி அவரை நேரே சென்றடையும். அதே பதிவு ஸ்ட்ரீமிங்கில் ஒலிக்குமாயின், வயலின் வாசித்தவருக்குப் பங்கு ஒரு சதமேனும் இல்லை. அன்று பெற்ற கூலியோடு அவர் கணக்கு முடிந்தது.

இவ்வேறுபாட்டின் காரணம் சட்டச் சொற்களில் மறைந்து கிடக்கின்றது. 1961ஆம் ஆண்டு உரோமாபுரி உடன்படிக்கை, தட்டு வானொலியில் ஒலிக்கும்போது நியாயமான ஊதியம் செலுத்தப்படல் வேண்டும் என்றது. 1996இல் ஜெனீவாவிற் செய்த உடன்படிக்கை, வேண்டியோர் வேண்டியபொழுது கேட்குமாறு பதிவைக் கிடைக்கச்செய்யும் உரிமையை வாசிப்போர்க்கே தனியுரிமையாக அளித்தது. அனுமதிக்கவும் மறுக்கவும் வல்ல உரிமை இது. ஊதியம் பெறும் உரிமையினும் வலியது. ஆனால் தனியுரிமையை எழுதிக் கொடுத்துவிடலாம். பதிவு செய்ய வந்தவரிடம் நீட்டப்படும் ஒப்பந்தத்தின் முதற் பக்கத்திலேயே அது கம்பனிக்கு மாற்றப்பட்டுவிடுகின்றது. வலிய உரிமை கையொப்பத்தோடு போயிற்று. எளிய உரிமையே வாசித்தவரிடத்து எஞ்சி ஊதியந் தருகின்றது.

பாராளுமன்றக் குழு 2021 யூலையில் வெளியிட்ட அறிக்கை இதனைச் சுட்டி, வானொலிக்குரிய நியாய ஊதிய உரிமை ஸ்ட்ரீமிங்குக்கும் நீட்டப்படல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அவ்வாண்டு டிசெம்பரில் கெவின் பிரெனன் என்னும் உறுப்பினர் கொணர்ந்த மசோதா அரசாங்க ஆதரவின்மையால் நிறைவேறவில்லை. 2025 யூலையிற் பெருங் கம்பனிகள், சட்டமின்றியே, பதிவுக்கூடத்து வாத்தியக்காரரின் கூலியை உயர்த்தவும் பழைய ஒப்பந்தங்களை மறுபரிசீலனை செய்யவும் உடன்பட்டன. நன்று, ஆயினும் கூலி உயர்வு பங்குரிமை ஆகாது.

செய்ய இயலாத காரியம் இது என்பார்க்கு ஸ்பெயின் நாட்டைக் காட்டலாம். அங்கே 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தனியுரிமையை மாற்றிக்கொடுத்த பின்னரும் வாசித்தோர்க்கு விட்டுக்கொடுக்கவொண்ணாத ஊதிய உரிமை ஒன்று எஞ்சி நிற்கும். அதனை அவர்தம் சங்கமே திரட்டும். தென்னமெரிக்காவின் உருகுவே 2023இல் இத்தகைய ஏற்பாட்டைச் சட்டமாக்கியபோது, ஸ்பொட்டிபை அந்நாட்டை விட்டு நீங்குவதாக அறிவித்தது. சேவை நிறுவனம் ஒரே இசைக்கு இருமுறை பணங் கட்ட நேராது என அரசாங்கம் தெளிவுபடுத்திய பின்னர், அவ்வாண்டு டிசெம்பரில், நீங்கவில்லை என்றது. சேவை நிறுவனத்தாரின் கூற்றிலும் ஒரு நியாயம் உண்டு. வருமானத்தில் மூன்றில் இருபங்கை அவர்கள் கொடுத்துவிடுகின்றனர். ஓராண்டு முழுவதற்கும் நிகர இலாபம் கண்டதே 2024இலேதான். அமெரிக்காவில் மாதக் கட்டணம் 2011 முதல் 2023 வரை 9.99 டொலராகவே நின்றது. நாம் இசைக்கு மலிவாகவே செலுத்துகின்றோம். ஆதலின் புதிய உரிமைக்கான பணம் கம்பனியின் பங்கினின்று வருதலே பொருந்தும்.

பேர்போன சிலர் தாமே போராடினர். ரெய்லர் சுவிப்ற் 2014இல் தம் இசையை ஸ்பொட்டிபையிலிருந்து நீக்கி 2017இல் மீண்டார். 2015இல் அவர் எழுதிய ஒரு கடிதத்தினால், இலவச மாதங்களுக்கும் ஊதியந் தர அப்பிள் இணங்கியது. மிருதங்கக்காரர் ஒருவர் அத்தகைய கடிதம் எழுதின் அதனைப் பிரித்துப் பார்ப்பவர் யார்?

நம்மவர் கேட்கும் தமிழ்ச் சினிமாப் பாடல்கள் இந்தியச் சட்டத்தின் வழிப்பட்டவை. படத்துக்கென ஆக்கிய பாடலின் உரிமை தயாரிப்பாளருக்கே என 1977இல் இந்திய உச்சநீதிமன்றம் தீர்த்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் பெரிதும் மாற்றியது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், உரிமையை மாற்றிக்கொடுத்த பின்னரும், அதன் வருவாயிற் சரிபாதி பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. இந்தி மொழிப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காக வாதாடினார். பாடுவோர்க்கும் அச்சட்டம் பங்குரிமை வகுத்தது. அவர்தம் சங்கம் 2013இல் அமைந்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஆக்கியோரோடு பாடுவோர், வாசிப்போர் உரிமைகளையும் ஏற்றுக்கொண்டுள்ளது.

சட்டம் எத்துணை நன்றாயினும், பணத்தை அனுப்புவதற்கு ஒரு பெயர் வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுங் கொண்ட குறியீடு ஒன்று உண்டு. எந்தப் பதிவு எத்தனை முறை ஒலித்தது என்பது அதனாலேயே எண்ணப்படுகின்றது. அக்குறியீட்டோடு வாசித்தோர் அனைவர் பெயரும், அவரவர் வாசித்த வாத்தியமும் பதியப்படல் வேண்டும். பழைய நாதசுரத் தட்டுக்கள் பலவற்றை இன்று இணையத்திற் காணலாம். நாதசுரக்காரர் பெயர் இருக்கும். சிலவற்றிற் படமும் இருக்கும். தவில் வாசித்தவர் யார் என்ற இடம் வெறுமையாகக் கிடக்கும். நம் ஊர்களிலே கோயில் ஊஞ்சற்பாட்டையும் கச்சேரியையும் பதிந்து வெளியிடும் இளைஞர் இக்காலத்தே பலர் உளர். பதிவேற்றும்போது அவ்விடத்தில் தவில், மிருதங்கம், கடம், சுருதி என வாசித்தவர் ஒவ்வொருவர் பெயரையும் எழுத ஐந்து நிமிடத்துக்கு மேற் செல்லாது. பங்கு இன்னதென ஒரு தாளில் எழுதி, வாசித்த அன்றே யாவருங் கையொப்பமிட இன்னும் ஐந்து நிமிடம்.